ட்ரஸ்ட்ல இன்டர்ன்ஷிப் போலாமா? மன்னார்குடி பக்கம், ஆறு வாரம், ஸ்டைபெண்ட் கிடையாது

மன்னை_மாணவி | ஏப்ரல் 11, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சியில எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) ஃபர்ஸ்ட் இயர் முடிக்கப் போறேன், சொந்த ஊரு மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம். லீவுல ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் பண்ணியே ஆகணும்னு டிபார்ட்மென்ட்ல சொல்லிட்டாங்க. இப்ப எனக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சென்னையில ஒரு பெரிய கம்பெனியோட சமூக சேவை பிரிவு, அதான் சிஎஸ்ஆர் ஆபீஸ், சீனியர் அக்கா மூலமா கிடைக்கும் போல, மாசம் கொஞ்சம் பணமும் தருவாங்க. இன்னொன்னு எங்க ஊருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல ஒரு சின்ன ட்ரஸ்ட், விவசாயக் கூலி வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு குழு நடத்துறாங்க, பிள்ளைங்களுக்கு சாயந்திரம் டியூஷன் சென்டர் வெச்சிருக்காங்க. அங்க மொத்தமே ஏழு பேர்தான் ஸ்டாஃப். பணம் கிடையாது, பஸ் செலவு மட்டும் தரோம்னு சொன்னாங்க. அப்பா சென்னைக்கு போன்னு சொல்றாங்க, பேரு தெரிஞ்ச கம்பெனி, வேலைக்கு உதவும்னு. எனக்கு மனசு என்னமோ இங்கதான் இழுக்குது, ஆனா அங்க போய் ஆறு வாரமும் லெட்டர் டைப் பண்ணிட்டு போட்டோ எடுத்துட்டு வந்துடுவேனோன்னு பயமா இருக்கு. போய் பாத்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன், சேர்றதுக்கு முன்னாடி என்ன கேக்கணும், எதை பாக்கணும்?

குடந்தைக்காரர் | ஏப்ரல் 11, இரவு 10.05

எனக்கும் ஒரு பொண்ணு இருக்கும்மா, அதனால உங்க அப்பா சொல்றதுல தப்பு தெரியலை. ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டி படிக்க வெக்கிறவருக்கு வேலை கிடைக்கணுமேங்குற கவலை இருக்கத்தான் செய்யும். அவர்கிட்ட சண்டை போடாம அந்த ட்ரஸ்டுக்கு ஒரு நாள் அவரையே கூட்டிட்டு போ, பொறுப்பாளர் எப்படி பேசுறாங்க, இடம் எப்படி இருக்கு, போக வர பஸ் எத்தனை மணிக்குன்னு அவரே பாக்கட்டும். சாயந்திரம் ஆறரை மணிக்கு மேல பொண்ணு எங்க நிக்கும்னு தெரிஞ்சா பாதி கவலை போயிடும்.

நாகை_களம் | ஏப்ரல் 12, காலை 6.50

தங்கச்சி, நான் இந்த வேலைக்கு வந்தது 2005 ஜனவரியில. சுனாமி வந்து மூணாவது வாரம், காலேஜ்ல இருந்து எங்களை வேன்ல ஏத்தி நாகப்பட்டினம் கூட்டிட்டு வந்தாங்க. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. நான் முதல்ல பாத்தது என்ன தெரியுமா, ரோட்டோரமா குவிஞ்சு கிடந்த பழைய துணி. ஊர் ஊரா லாரியில வந்து எறக்கிட்டு போயிருந்தாங்க, மழையில நனைஞ்சு ஈரத்துல மக்கிக்கிட்டு கிடந்தது, எடுத்து கட்டிக்க ஒருத்தரும் இல்ல. கடல்ல போய் மீன் பிடிச்சு கௌரவமா வாழ்ந்த குடும்பம் அடுத்தவங்க கட்டுன பழைய சேலையை ஏன் கட்டணும்? கேட்டுட்டு அனுப்பியிருந்தா பாத்திரமும் வலையும் அனுப்பியிருப்பாங்க. எந்த என்ஜிஓ எந்த ஊர்ல என்ன குடுக்குதுன்னே தெரியாம ஒரே குப்பத்துக்கு நாலு பேர் அரிசி குடுக்குறதும் பக்கத்து குப்பத்துக்கு ஒருத்தரும் போகாததுமா இருந்துச்சு, அதுக்குன்னே அப்புறம் கலெக்டர் ஆபீஸோட சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் வெச்சாங்க. எனக்கு அங்க குடுத்த வேலை எந்த ஊர்ல எத்தனை குடும்பம், யாரு என்ன குடுத்தாங்கன்னு லிஸ்ட் எடுக்குறது. பெரிய வேலையா தெரியலைல்ல? அந்த லிஸ்ட் சரியா இருந்ததாலதான் ஒதுங்கி இருந்த ரெண்டு தெருவுக்கு சாமான் போய் சேந்துச்சு. கருவாடு விக்கிற பொம்பளைங்க, தலைச்சுமையா மீன் கொண்டு போய் விக்கிறவங்க, இவங்க பேரெல்லாம் முதல் லிஸ்ட்லயே இல்ல, போட் வெச்சிருக்கிறவங்க பேருதான் இருந்துச்சு.

அதனால நான் சொல்றது, டைப் அடிக்கிற வேலை குடுத்தாலும் பரவால்ல, எதை டைப் அடிக்கிறோம், அதுல யாரு பேரு விட்டுப்போச்சுன்னு பாக்குற கண்ணு வந்துச்சுன்னா அதுதான் நீ கத்துக்குற தொழிலு. இந்த ஏழு பேர் ஆபீஸ்ல அது சீக்கிரம் வரும். பெரிய ஆபீஸ்ல உனக்கு வர்றது ரிப்போர்ட்தான், அந்த ரிப்போர்ட்ல இருக்குற மனுஷங்களை பாக்க மாட்ட. நான் சின்ன ட்ரஸ்டுக்கு போன்னுதான் சொல்வேன்.

தஞ்சை_கணக்கு | ஏப்ரல் 12, மதியம் 1.30

வணக்கம். நான் தஞ்சாவூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், ட்ரஸ்ட் கணக்கு நிறைய பாக்குறோம். சேர்றதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்னு கேட்டதால பேப்பர் சைடு மட்டும் சொல்றேன்.

ஒரு தொண்டு நிறுவனம் நம்மூர்ல மூணு விதமா பதிவாகி இருக்கும். சார் பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் போட்ட ட்ரஸ்ட், இல்லன்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி சொசைட்டி, இல்லன்னா கம்பெனி சட்டத்துல லாப நோக்கம் இல்லாத செக்‌ஷன் 8 கம்பெனி. இதுல எது இருந்தாலும் தப்பு இல்ல. வருமான வரியில ட்ரஸ்டுக்கு வரி விலக்கு தர்ற பதிவும் (12ஏபின்னு சொல்லுவாங்க), நன்கொடை குடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை தர்ற பதிவும் (80ஜின்னு சொல்லுவாங்க) இருக்கான்னு கேளு. நிதி ஆயோக்கோட தர்பண் தளத்துல மாவட்டம் வாரியா தேடலாம், பேரு போட்டா பதிவு நம்பர், பொறுப்பாளர் யாருன்னு வரும். வெளிநாட்டு பணம் வாங்குறவங்கன்னா எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை சட்டத்துல பதிவு இருக்கணும், வருஷா வருஷம் எவ்வளவு வந்துச்சு எவ்வளவு செலவுன்னு கணக்கு தாக்கல் பண்ணணும். கம்பெனிகள்ட்ட சிஎஸ்ஆர் பணம் வாங்குறவங்கன்னா 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 ஃபார்ம் போட்டு நம்பர் வாங்கியிருக்கணும். இதெல்லாம் நீ போலீஸ் மாதிரி கேக்க வேணாம், "உங்க ஆனுவல் ரிப்போர்ட் ஒண்ணு படிக்க குடுப்பீங்களா"ன்னு மரியாதையா கேளு, ஒழுங்கா நடத்துறவங்க சந்தோஷமா எடுத்து குடுப்பாங்க.

ஸ்டைபெண்ட் இல்லைன்னதும் ஏமாத்துறாங்கன்னு நினைச்சுடாதே. எஃப்சிஆர்ஏ சட்டத்தை 2020-ல திருத்துனாங்க, அதுக்கு முன்னாடி வெளிநாட்டு பணத்துல 50 சதவீதம் வரைக்கும் நிர்வாக செலவு பண்ணலாம், இப்ப 20 சதவீதம்தான். அதோட ஒரு நிறுவனம் வாங்குன வெளிநாட்டு பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாத்தி குடுக்கவும் கூடாதுன்னு ஆயிடுச்சு. பெரிய நிறுவனம் மூலமா பணம் வாங்கி ஓட்டிக்கிட்டு இருந்த சின்ன சின்ன ட்ரஸ்ட் எல்லாம் அதுல ரொம்ப அடிபட்டுச்சு. ஸ்டாஃபுக்கே மூணு மாசம் கழிச்சு சம்பளம் போடுற இடத்தை எங்க ஆபீஸ்ல பாத்திருக்கேன், அவங்க வேலையை விடாம பாக்குறதையும் பாத்திருக்கேன். பஸ் செலவு தரோம்னு அவங்க முன்கூட்டியே சொன்னதே எனக்கு நல்ல அறிகுறியா படுது.

பேராவூரணி_தென்னை | ஏப்ரல் 12, இரவு 8.45

நான் என்ஜிஓ ஆளு இல்ல, விவசாயி. ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுது, சொல்லிடுறேன்.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சப்ப எங்க தோப்புல நின்ன 140 தென்னையில 11தான் மிஞ்சுச்சு. எங்க அப்பாயி நட்ட மரமெல்லாம் ஒரே திசையில படுத்துக் கிடந்துச்சு. அடுத்த ரெண்டு மாசத்துல எங்க வீட்டுக்கு சர்வேன்னு வந்தவங்க மட்டும் ஒன்பது குரூப், நான் எண்ணி வெச்சிருக்கேன். காலேஜ் பிள்ளைங்க, ட்ரஸ்ட்காரங்க, யாரு யாரோ. எத்தனை மரம், எத்தனை வயசு, கடன் எவ்வளவு, பட்டா யாரு பேர்ல, பிள்ளைங்க என்ன படிக்குது. எங்க அம்மா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்லும், சொல்லும்போதெல்லாம் அழும். கரண்ட் இல்லாத வீட்டுல இருந்த சீனியை போட்டு டீ வேற வெச்சு குடுக்கும். ஒன்பதுல ஒரு குரூப்கூட திரும்பி வந்து "நீங்க சொன்னதை இங்க குடுத்தோம், இது நடந்துச்சு, இல்ல ஒண்ணும் நடக்கலை"ன்னு சொல்லலை. ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லியிருந்தாகூட எங்களுக்கு வருத்தம் இருந்திருக்காது. பத்தாவதா ஒரு தம்பி வந்தப்ப எங்க அம்மா உள்ள போய் கதவை சாத்திக்கிச்சு. அந்த தம்பி மேல என்ன தப்பு, வெயில்ல நடந்து வந்த புள்ள.

குத்தகைக்கு சாகுபடி பண்ணவங்க பாடு இன்னும் மோசம். மரத்துக்கு 1,100 ரூபா கவர்மென்ட் குடுத்துச்சு, அதுல 500 வெட்டி அப்புறப்படுத்துறதுக்குன்னு. நிலம் யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தானே போகும், பாடுபட்டவனுக்கு எங்க வந்துச்சு? இதை ஒன்பது பேர்கிட்டயும் சொல்லி எழுத வெச்சோம்.

நீ போம்மா, நான் வேணாம்னு சொல்லலை. போனா சொல்ல வெச்சவங்ககிட்ட திரும்பிப் போய் பதில் சொல்லிட்டு வா.

நாகை_களம் | ஏப்ரல் 12, இரவு 9.30

அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியலை. அந்த ஒன்பதுல ஒண்ணு எங்க நிறுவனமா இருந்திருக்கலாம், நாங்களும் அப்ப அந்த பக்கம் சர்வே எடுத்தோம். திரும்பி வரலைங்குறது உண்மை. பணம் குடுத்தவங்க கேட்ட தேதிக்கு ரிப்போர்ட் போச்சு, மக்களுக்கு போகலை. மன்னிச்சுக்கோங்க அண்ணா. அம்மாகிட்டயும் சொல்லுங்க.

பேராவூரணி_தென்னை | ஏப்ரல் 12, இரவு 9.48

சொல்றேன்மா. திரும்ப நட்டதுல இப்ப கொஞ்சம் காய்ப்புக்கு வந்திருக்கு.

சீர்காழி_99 | ஏப்ரல் 13, காலை 11.15

எனக்கு கசப்பான அனுபவம், எச்சரிக்கையா இருக்கட்டும்னு எழுதுறேன், பேரெல்லாம் சொல்ல மாட்டேன். யூஜி படிக்கும்போது ஒரு நிறுவனத்துல ஒரு மாசம் போனேன். முதல் வாரம் ஃபைல் அடுக்க சொன்னாங்க, சரின்னு பண்ணேன். ரெண்டாவது வாரம் ஒரு ட்ரெயினிங் நடந்ததா ஒரு ரிஜிஸ்டர், அதுல 40 பேரு, கையெழுத்து இல்லாம இருந்துச்சு. "இன்டர்ன்ஸ் எல்லாம் ஆளுக்கு பத்து கையெழுத்து போடுங்க, பேனா மாத்தி மாத்தி போடுங்க"ன்னு சொன்னாங்க. நாங்க நாலு பேர் இருந்தோம். நானும் போட்டேன். போட்டேங்குறதை இன்னைக்கு வரைக்கும் நினைச்சா உறுத்துது, அந்த 40 பேர்ல ஒருத்தங்க பேரு எங்க அம்மாவோட பேரு, அதையும் நான்தான் போட்டேன். சர்டிஃபிகேட் நிப்பாட்டிடுவாங்கன்னு பயம், அவ்வளவுதான் காரணம்.

யாராச்சும் அப்படி சொன்னா முடியாதுன்னு சொல்லிட்டு அன்னைக்கே உங்க டிபார்ட்மென்ட் சூப்பர்வைசருக்கு போன் போடு. இன்டர்ன்ஷிப் பாதியில போனா இன்னொரு இடம் கிடைக்கும். இன்னொன்னு, பொண்ணுங்களுக்கு சொல்றேன், பத்து பேரும் அதுக்கு மேலயும் இருக்குற எந்த ஆபீஸ்லயும் பாலியல் தொல்லை புகாருக்கு உள் புகார் குழு இருக்கணும், 2013 சட்டம், அதுல ட்ரெயினியும் சம்பளம் இல்லாம வாலன்டியரா வேலை பாக்குறவங்களும் அடக்கம். பத்துக்கு கீழ இருந்தா மாவட்ட அளவுல குழு இருக்கு. நீ போற இடம் ஏழு பேர்னதால இது தெரிஞ்சிருக்கணும்.

மன்னை_மாணவி | ஏப்ரல் 14, இரவு 7.10

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புத்தாண்டு வாழ்த்துகள். அப்பாவை இன்னைக்கு கூட்டிட்டு போனேன், லீவு நாளா இருந்தாலும் பொறுப்பாளர் அக்கா வந்து திறந்து காட்டுனாங்க. கூரைக்கு தகரம் போட்ட ஒரு ஹால், ஒரு பீரோ, ரெண்டு கம்ப்யூட்டர், செவுத்துல ஊர் வாரியா குழு பேரு. ஆனுவல் ரிப்போர்ட் கேட்டேன், மூணு வருஷத்தோடதும் எடுத்து குடுத்தாங்க. அப்பா அதை படிக்காம அந்தக்காகிட்ட "நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டாரு, 18 வருஷம்னாங்க. திரும்பி வரும்போது பஸ்ல ஒண்ணும் பேசலை, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட "போகட்டும்"னு சொன்னாரு.

மே 2 சேர்றேன். பேராவூரணி அண்ணா, நீங்க எழுதுனதை நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

நாகை_களம் | ஏப்ரல் 14, இரவு 8.00

ரொம்ப சந்தோஷம்டா தங்கச்சி. சில விஷயம், இது எந்த கிளாஸ்லயும் சொல்ல மாட்டாங்க.

எந்த தெருவுல யாரு வீட்டுல தண்ணி குடுத்தாலும் வாங்கி குடி. வாட்டர் பாட்டில் கொண்டு போறோம்னு நீ சாதாரணமா வேணாம்னு சொல்லுவ, நம்ம தஞ்சை மண்ணுல காலனி வீட்டுல தண்ணி வேணாம்னா அதுக்கு ஆயிரம் வருஷத்து அர்த்தம் இருக்கு. உன்னோட சாதி என்னன்னு கேப்பாங்க, கோவப்படாதே, அதை வெச்சுதான் உன்கிட்ட எவ்வளவு பேசலாம்னு முடிவு பண்ணுவாங்க. நீ தண்ணி குடிச்ச விஷயம் நீ அடுத்த தெருவுக்கு போறதுக்குள்ள போயிருக்கும்.

பிள்ளைங்க போட்டோ எடுக்காதே. டியூஷன் சென்டர்ல எடுக்க சொன்னா பெத்தவங்ககிட்ட கேட்டாச்சான்னு கேளு. ஏதாச்சும் பாதிப்புக்கு ஆளான பிள்ளைன்னா முகமோ பேரோ ஊரோ வெளியில போகவே கூடாது, 2015 சிறார் நீதிச் சட்டத்துலயே அது குத்தம். உன் ஸ்டேட்டஸ்ல வெக்கிறதுக்குன்னு ஒரு பிள்ளையையும் பக்கத்துல நிக்க வெச்சு எடுக்காதே. அப்புறம் ஒரு பிள்ளை உன்கிட்ட ஏதாச்சும் சொல்லிட்டா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிடாதே, சொல்ல வேண்டிய இடத்துல சொல்லித்தான் ஆகணும், 1098 நம்பரை மனப்பாடமா வெச்சுக்கோ.

டெய்லி ரிப்போர்ட் அன்னன்னைக்கே எழுது. ஞாயித்துக்கிழமை உக்காந்து ஆறு நாளைக்கும் சேத்து எழுதுனா எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்.

முடிஞ்சா ஒரு நாள் லீவு போட்டுட்டு கூத்தூர் போயிட்டு வா. காந்தியவாதிங்க கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவங்க வீட்டுக்காரர் ஜெகந்நாதன் ஐயாவும் 1968 வெண்மணிக்கு அப்புறம் இந்த பக்கம் வந்து தங்குனவங்க, 44 பேரை உசுரோட எரிச்ச ஊரு வெண்மணி. 1981-ல லாஃப்டின்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு மிராசுதார்கள்ட்ட பேசி பேசி நிலத்தை வாங்கி கூலிக்காரங்களுக்கு, அதுவும் பொம்பளைங்க பேர்ல பத்திரம் போட்டு குடுத்தாங்க. தொண்டு நிறுவனம்னா நம்ம பக்கத்துல என்னவா இருந்திருக்குன்னு தெரிஞ்சுக்கணும்ல. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் அண்ணன் நடத்துன விதை வேலையும் அப்படித்தான், ரெண்டு கிலோ பாரம்பரிய நெல்லு குடுத்து அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பி குடுக்க சொல்லுவாரு, அந்த நாலு கிலோ இன்னும் ரெண்டு பேருக்கு போகும். யாரையும் கை நீட்ட வெக்காத கணக்கு அது.

மன்னை_மாணவி | மே 15, இரவு 10.20

ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன், உதவி வேணும்.

எனக்கு குடுத்த வேலை ஒரு ஊர்ல 60 வீடு சர்வே. மொபைல்ல கோபோன்னு ஒரு ஆப், அதுல ஃபார்ம் ஏத்தி குடுத்திருக்காங்க. முதல் மூணு நாள் காலையில பத்து மணிக்கு போனேன், வீட்டுல கிழவிகளும் கைப்பிள்ளைகளும்தான் இருந்தாங்க. இங்க இப்ப கோடை பருத்தி, பொம்பளைங்க எல்லாம் வெளிச்சம் வர்றதுக்குள்ள பஞ்சு எடுக்க போயிடுறாங்க, மதியம் வந்து சமைச்சு வெச்சுட்டு படுத்துடுறாங்க. அப்புறம் நேரத்தை மாத்தி சாயந்திரம் அஞ்சு மணிக்கு போனேன், பேச ஆரம்பிச்சாங்க.

பிரச்சனை என்னன்னா ஃபார்ம்ல ஒரு கேள்வி, "குடும்பத்தின் மாத வருமானம்". ஒரு கட்டம், ஒரு நம்பர் போடணும், போடாம அடுத்த பக்கம் போகாது. நேத்து ஒரு அக்கா மடியில பருத்தி பை, விரல் நுனியெல்லாம் காய் கீறி கோடு கோடா இருக்கு, என்னைய பாத்து "எந்த மாசத்துக்கும்மா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல தெரியலை. சராசரியா சொல்லுங்கக்கான்னேன். "ஐப்பசியில வர்றது ஆவணியில வராது, ஆவணியில பட்டினி கிடந்ததை எந்த சராசரியில போடுவ?"ன்னாங்க. கோவமா சொல்லலை, நிஜமாவே கேட்டாங்க. நான் 6000-ன்னு ஏதோ ஒண்ணு போட்டுட்டு வந்துட்டேன், ராத்திரி தூக்கம் வரலை.

அதோட இன்னொரு ஆயா, "போன வருஷம் சுடிதார் போட்ட ஒரு பொண்ணு வந்து எழுதிக்கிட்டு போச்சே, அது என்னாச்சு?"ன்னு கேட்டுச்சு. பேராவூரணி அண்ணா சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆபீஸ்ல கேட்டேன், அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சுன்னாங்க.

நாகை_களம் | மே 15, இரவு 10.55

நீ போட்ட 6000-ஐ முதல்ல அழிச்சுடு. பொறுப்பாளர் அக்காகிட்ட நேரா சொல்லு, 18 வருஷமா இருக்கிறவங்களுக்கு இது தெரியாம இருக்காது, ஃபார்ம் வேற யாரோ ஊருக்கு வெளிய உக்காந்து தயார் பண்ணியிருப்பாங்க.

இதுக்கு ஒரு முறை இருக்கு, உங்க சிலபஸ்ல பிஆர்ஏன்னு, ஊர் மக்களையே சேத்துக்கிட்டு தகவல் எடுக்குற முறை, வந்திருக்கும், பருவ நாள்காட்டின்னு ஒண்ணு. அதை சார்ட் பேப்பர்ல போடாதே, தரையில போடு. சாயந்திரம் ஒரு பத்து பன்னண்டு பேரை கோயில் திடல்லயோ மரத்தடியிலயோ உக்கார வெச்சு, கோலமாவுல பன்னண்டு கட்டம் போட சொல்லு, அவங்களையே போட சொல்லு, நீ போடாதே. சித்திரையில இருந்து பங்குனி வரைக்கும். ஜனவரி பிப்ரவரின்னு கேட்டா யோசிச்சு யோசிச்சு தப்பா சொல்லுவாங்க, தமிழ் மாசம்னா படபடன்னு வரும். ஒரு கிண்ணம் புளியங்கொட்டை குடு. வேலை எந்த மாசம் எவ்வளவு கிடைக்குதோ அந்த கட்டத்துல அவ்வளவு கொட்டை. அடுத்த வரிசையில செலவு, அதுக்கு கீழ கடன் கட்டுறது. எண்ணிக்கையில சண்டை வரும், வரட்டும், சண்டையிலதான் விஷயம் வெளிய வரும், நீ குறுக்க பேசாம எழுதிக்கோ.

குடந்தைக்காரர் | மே 16, காலை 7.15

இதை படிச்சதும் எங்க அம்மா ஞாபகம் வருது, வீட்டு கணக்கு எல்லாம் அடுப்படி செவுத்துல கரிக்கோடாதான் போட்டு வெச்சிருக்கும், எங்களுக்கு புரியாது, அதுக்கு ஒரு கோடுகூட தப்பாது.

மன்னை_மாணவி | ஜூன் 14, மாலை 4.30

நேத்தோட முடிஞ்சுது. நடந்ததை எழுதிடுறேன், நீளமா போகும்.

நாகை அக்கா சொன்ன மாதிரி மே 20 சாயந்திரம் மாரியம்மன் கோயில் திடல்ல உக்காந்தோம், 14 பேர் வந்தாங்க. பருத்தி பை வெச்சிருந்த அக்காதான் கட்டம் போட்டாங்க, மாக்கோல கை, ஒரு கோடு வளையலை. புளியங்கொட்டை பத்தலைன்னு ஒரு பாட்டி வீட்டுக்கு போய் சொளவுல அள்ளிட்டு வந்துச்சு. சித்திரை வைகாசி ஆனி மூணு கட்டமும் பருத்தியில நெறைஞ்சுது. பங்குனியில உளுந்து பறிக்க கொஞ்சம். ஐப்பசிக்கு முதல்ல நெறைய வெச்சாங்க, அப்புறம் ஒரு அக்கா கையை விட்டு பாதியை அள்ளிடுச்சு. ஏன்னா இந்த கடைமடை பக்கம், அதாவது ஆத்துப் பாசனம் கடைசியா வந்து சேர்ற இடம், தண்ணி எப்ப வரும்னு நம்ப முடியாம இப்ப நெறைய பேர் சம்பாவை நேரடி விதைப்பா தெளிச்சிடுறாங்க, நடவே இல்லாதப்ப நடவு ஆளுக்கு என்ன வேலை, களை பறிக்கிறது மட்டும்தான். தை மாசி அறுப்புன்னு நான் நினைச்சேன், அதுல நாலே கொட்டை, அறுக்குறது மிஷின். ஆடி, ஆவணி, மார்கழி மூணும் வெறுங்கட்டம், நூறு நாள் வேலை குடுத்தா உண்டு.

அடுத்து கடன் வரிசை வந்துச்சு. வாரக் கடன் குடுக்குற கம்பெனிகள்ட்ட வாங்கினது, பன்னண்டு கட்டத்துலயும் ஒரே அளவு கொட்டை வெச்சுக்கிட்டே போனாங்க. மேல ஆவணியில ஒண்ணுமே இல்ல, கீழ அதே அஞ்சு கொட்டை. வெச்சு முடிச்சுட்டு யாரும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தக்காதான் சொன்னாங்க, "நாம வாங்குறது மாசத்துக்கு மாசம் மாறுது, அவன் கேக்குறது மாற மாட்டேங்குது பாத்தியா"ன்னு. ஆவணி வாரத்தவணையை கட்ட இன்னொரு இடத்துல வாங்குறாங்க, அதை ஐப்பசியில அடைக்கலாம்னு நினைச்சா நடவு இல்ல. இது என் 60 வீட்டு ஃபார்ம்ல எங்கயுமே வந்திருக்காது, "கடன் உள்ளதா: ஆம் / இல்லை"ன்னுதான் இருந்துச்சு.

பொறுப்பாளர் அக்கா அந்த ஃபார்மை மாத்த சொல்லி மேல எழுதுனாங்க, உடனே மாத்தலை, ஆனா தனியா ஒரு பக்கம் சேத்துக்கலாம்னு பதில் வந்துச்சு. மீதி வீட்டுக்கெல்லாம் பன்னண்டு மாசமும் கேட்டு எழுதுனேன், ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, 60-ல 47தான் முடிஞ்சுது. முடியாத 13 முடியலைன்னே ரிப்போர்ட்ல போட்டேன்.

பேராவூரணி அண்ணா, முந்தாநாள் சாயந்திரம் திரும்பி போனேன். அதே திடல்ல உக்காந்து நான் எழுதுன ரிப்போர்ட்டை தமிழ்ல படிச்சு காட்டுனேன், யாரு பேரும் சொல்லாம. அன்னைக்கு ஜூன் 12ங்குறதால ஆம்பளைங்க எல்லாம் டீ கடையில மேட்டூர் அணை திறக்குற பேச்சுதான், பொம்பளைங்க 20 பேருக்கு மேல வந்தாங்க. ரெண்டு இடத்துல நிறுத்துனாங்க. பஞ்சு எடுக்க நாள் கூலின்னு எழுதியிருந்தேன், கிலோ கணக்குன்னு திருத்த சொன்னாங்க, முதல் எடுப்புக்கும் கடைசி எடுப்புக்கும் காசு வேறன்னாங்க. இன்னொன்னு, ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்குற செலவை நான் விட்டுட்டேன், பருத்தி காசு நெறைஞ்ச கட்டமா இருந்தாலும் அதுல பாதி நோட்டு, பை, செருப்புன்னே போயிடுதாம். பேனாவால அங்கயே திருத்துனேன்.

போன வருஷம் வந்த பொண்ணை பத்தி கேட்ட ஆயாகிட்ட தனியா போய் சொன்னேன், அந்த ப்ராஜெக்ட் நின்னுபோச்சு ஆயா, நீங்க சொன்னதால ஒண்ணும் நடக்கலை, உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும், சொல்லலைன்னு. நான் சொன்னதாலயும் என்ன நடக்கும்னு எனக்கு தெரியாதுன்னும் சொன்னேன். ஆயா என் கையை பிடிச்சுக்கிட்டு "சொல்ல வந்தியே"ன்னுச்சு. ஒரு பை நெறைய முருங்கைக்காய் குடுத்துச்சு.

குழு தீர்மானம் ஒண்ணு போட்டிருக்காங்க, குழு சேமிப்புல ஒரு பகுதியை ஆடி ஆவணிக்குன்னே தனியா ஒதுக்கி வெச்சு, அந்த ரெண்டு மாசம் வெளியில வாங்காம பாத்துக்கணும்னு. எவ்வளவு தூரம் முடியும்னு தெரியலை, சேமிப்பே கம்மி.

பேராவூரணி_தென்னை | ஜூன் 14, இரவு 8.20

படிச்சேன்மா. எங்க அம்மாவுக்கு கண்ணு சரியா தெரியாது, நான்தான் வாசிச்சு காட்டுனேன். ஆயா கையை பிடிச்ச இடத்துல திரும்ப ஒரு தடவை வாசிக்க சொன்னுச்சு. ஆடி 18-க்கு பக்கத்துல இந்த பக்கம் வந்தா வீட்டுக்கு வா, இளநி இருக்கு.

சீர்காழி_99 | ஜூன் 14, இரவு 9.05

13 வீடு முடியலைன்னு அப்படியே எழுதுன பாரு, அதை படிச்சதும் எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. எனக்கு அப்ப அந்த தைரியம் இருந்திருக்கணும்.

மன்னை_மாணவி | ஜூன் 15, காலை 6.40

சீர்காழி அக்கா, அந்த 13 வீட்டுக்கும் காலேஜ் திறக்குறதுக்குள்ள போயிடலாம்னு இருக்கேன், இன்டர்ன்ஷிப் முடிஞ்சாலும் பஸ் இருக்கே. அப்பா நேத்து ராத்திரி பழைய பெரிய காலண்டர் ஒண்ணை பின்பக்கம் திருப்பி ஸ்கேல் வெச்சு பன்னண்டு கட்டம் போட்டு குடுத்திருக்காரு, குழு மீட்டிங் நடக்குற இடத்துல ஒட்டணும்னு. சித்திரைன்னு எழுதும்போது மட்டும் "பருத்தி எந்த கலர்ல போடணும்"னு கேட்டாரு.